அரணும் அறிவும்

திருக்குறளின் பொருட்பாலில் 'நாடு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'அரண்' வருகிறது. அரணை அடுத்துப் 'பொருள்செயல்வகை' வருகிறது. நாட்டுக்கும் அதன் செல்வத்துக்கும் நடுவே ஒரு கோட்டையை நிறுத்தினார் வள்ளுவர் என்று இந்த வைப்புமுறையை நாம் பொருள் கொள்ளலாம். ஆயினும், 'அறிவுடைமை' என்னும் அதிகாரத்தில், பகைவரால் உட்புகுந்து அழிக்க இயலாத அரணாக அவர் காட்டுவது கல்மதிலை அன்று, அறிவையே. அஞ்சத் தக்கது எது என்று அறிந்து அதற்கு மட்டும் அஞ்சுவதையும் அதே அதிகாரத்தில்தான் அறிவுடையார் செயலாக அவர் வைத்தார். அரண், பொருள், அறிவு, அச்சம் ஆகிய இந்த நான்கும் இன்று ஒரே இடத்தில் வந்து கூடியிருக்கின்றன. அந்த இடம் பல்கலைக் கழகம்.

'பொருளாதாரப் பாதுகாப்பு' என்னும் தொடரை இப்போது நாளிதழ்களில் அடிக்கடி காண்கிறோம். ஒரு நாட்டை அடிமைப்படுத்தப் படை நடத்தி வர வேண்டியதில்லை. அதற்கு இன்றியமையாத ஒரு பொருளைக் கொடுக்க மறுத்தாலே போதும் என்னும் எண்ணமே இத்தொடரின் வேர். மருந்தின் மூலப்பொருள், கணினியின் சில்லு, எரிபொருள், உணவுத் தானியம், உரம் எனப் பட்டியல் நீள்கிறது. எந்தப் பொருளுக்கு யாரை எவ்வளவு நம்பியிருக்கிறோம், அது நின்றுபோனால் என்னவாகும், எந்தத் தொழில்நுட்பத்தைப் பிறர் கையில் சேராமல் காக்க வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தேடி அரசுகள் பல்கலைக் கழகங்களின் கதவைத் தட்டுகின்றன. பணமும் தருகின்றன. 'நாட்டுக்காக' என்னும் சொல்லையும் உடன் வைக்கின்றன.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. உண்மையைத் தேடுவதே தன் கடமை என்று கொண்ட ஒரு கூடம், நாட்டின் அச்சத்துக்குப் பணி செய்யலாமா? செய்யலாம் எனில், எதைச் செய்யலாம்? எதைச் செய்யலாகாது? இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதைவிட, அதனோடு நெடுங்காலம் போராடிவரும் ஒரு நாட்டைக் கண்முன் நிறுத்தி ஆராய்வது நமக்குப் பயன் தரும். அந்த நாடு ஜப்பான்.

ஒதுங்கி நிற்பது அறமாகுமா?

ஜப்பானில் உணவை வெப்ப அளவில் கணக்கிட்டால் 38 விழுக்காட்டளவே உள்நாட்டில் விளைகிறது. எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் கடல் கடந்து வருகிறது. ஆகவே, வழங்கல் நின்றுபோகுமோ என்னும் கவலை அந்நாட்டுக்குப் புதிதன்று. அந்தக் கவலையே 1930களில் அதைப் பிற நாடுகளின் நிலத்தின்மீது படையெடுக்கத் தூண்டிய காரணங்களுள் ஒன்று என்பதையும் நாம் அறிவோம். அந்தப் போருக்கு அறிவியலாளரும் துணை நின்றனர். தோல்விக்குப் பின் வந்த மனவருத்தத்தில், 1949இல் நிறுவப்பட்ட ஜப்பான் அறிவியல் மன்றம், அடுத்த ஆண்டிலேயே, போரை நோக்கமாகக் கொண்ட ஆய்வில் ஈடுபடுவதில்லை என்று உறுதி பூண்டது. 1967இல் அந்த உறுதியைப் புதுப்பித்தது. நாட்டின் பாதுகாப்புத் துறை 2015இல் பல்கலைக் கழக ஆய்வுகளுக்கு நிதி வழங்கத் தொடங்கியபோது, 2017 மார்ச்சில் மீண்டும் அந்த இரு உறுதிகளையும் வழிமொழிந்தது.

இந்த நிலைப்பாடு நம் மதிப்புக்கு உரியது. ஆயினும் இப்போது கதவைத் தட்டுவது படைத்துறை மட்டும் அன்று. 2022 மே மாதத்தில் ஜப்பானிய நாடாளுமன்றம் பொருளாதாரப் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்துக்குத் தூண்கள் நான்கு: இன்றியமையாப் பொருள்கள் தடையின்றிக் கிடைக்கச் செய்தல், மின்சாரம், குடிநீர், வங்கி முதலிய சேவைகளில் பொருத்தப்படும் முக்கியக் கருவிகளை முன்கூட்டியே சரிபார்த்தல், முன்னணித் தொழில்நுட்ப ஆய்வை ஊக்குவித்தல், சில காப்புரிமை விண்ணப்பங்களை வெளியிடாது மறைத்தல். ஆய்வை ஊக்குவிக்க அரசு ஒதுக்கத் திட்டமிட்ட தொகை ஏறத்தாழ 50,000 கோடி யென். கடலடி ஆய்வு, விண்வெளி, உயிரித் தொழில்நுட்பம் எனப் பல துறைகளுக்கும் அது பாய்கிறது. இவற்றில் எது போருக்கு உரியது, எது அமைதிக்கு உரியது என்று கோடு கிழிப்பது எளிதன்று. கப்பலுக்கு வழிகாட்டும் கருவியே ஏவுகணைக்கும் வழிகாட்டும்.

அப்படியானால் இவை அனைத்திலிருந்தும் ஒதுங்கி நிற்பதுதான் தூய்மையா? 'எம் கைகள் கறைபடவில்லை' என்று சொல்லிக்கொள்ளும் நிறைவு அதில் கிடைக்கும். ஆனால், ஓர் அறிஞர் ஒதுங்கியதால் மட்டும் அச்சம் நாட்டைவிட்டு ஒதுங்கிவிடுவதில்லை. அளந்து சொல்ல ஆளில்லாத அச்சம் வதந்தியாகிறது, வதந்தி வெறுப்பாகிறது, வெறுப்பு சட்டமாகிறது. ஆகவே, விலகி நிற்பது எல்லா வேளையிலும் அறமாகிவிடாது. இதனை உணர்த்தும் ஒருவரின் வாழ்வை இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

அகதி ஒருவர் செய்த அளவுகோல்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1915இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறினார். 1940இல் பிரான்சின் மார்செய் நகரில், நாத்சிகளின் கைக்குத் தப்பி ஓடிவந்த அகதிகள் ஐரோப்பாவை விட்டு வெளியேற மறைவாக உதவிய குழுவில் பணியாற்றினார். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழகத்தில் ஆய்வு மேற்கொண்டார். அதன் பயனாக 1945இல் வெளிவந்த நூல், நாட்டின் வல்லமைக்கும் அயல்நாட்டு வணிகத்தின் அமைப்புக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது. இன்று பொருளாதாரப் பாதுகாப்பு என்று பேசப்படும் துறைக்கு அதனை ஒரு முன்னோடி என்றே கூறலாம்.

அவர் கண்டது இது: 1930களில் செர்மனி, பல்கேரியா, அங்கேரி, யுகோசுலாவியா போன்ற சிறிய நாடுகளின் விளைபொருள்களைப் பிறரைவிட நல்ல விலை கொடுத்து வாங்கியது. உழவர்கள் மகிழ்ந்தனர். சில ஆண்டுகளில் பல்கேரியாவின் ஏற்றுமதியில் பாதிக்கு மேல் செர்மனிக்கே செல்லும் நிலை வந்தது. அதன்பின் செர்மனி மிரட்டவே தேவையில்லை. 'நாளை வாங்கமாட்டோம்' என்று அது சொல்லிவிடக்கூடும் என்னும் நினைவே அந்நாடுகளின் வாயை அடைத்தது. கத்தியின்றிக் கட்டும் கயிறாக வணிகம் மாறக்கூடும் என்பதை அவர் காட்டினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கயிற்றின் இறுக்கத்தை அளக்க ஒரு கோலையும் செய்து தந்தார். இன்று வழங்கும் வடிவில் அதை எளிதாகச் சொல்லலாம். தோவாளையில் பூ விளைவிக்கும் ஒருவர் தம் பூ முழுவதையும் ஒரே வணிகருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பங்கு 100, அதன் வர்க்கம் 10,000. வேறொருவர் ஐந்து வணிகருக்குச் சமமாக விற்கிறார். ஒவ்வொரு பங்கும் 20, வர்க்கம் 400, ஐந்தையும் கூட்டினால் 2,000. முன்னவர் வணிகரின் முகக்குறிப்புக்கு நடுங்குகிறார். பின்னவர் நிமிர்ந்து விலை பேசுகிறார். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை இந்த எண்கள் காட்டிவிடுகின்றன.

ஹிர்ஷ்மன் அஞ்சுவதற்கு எல்லாக் காரணமும் உடையவர். பிறந்த மண்ணை இழந்தவர். நாத்சிகளின் கொடுமையை நேரில் கண்டவர். எனினும் அவர் தம் நூலில் அச்சத்தைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை, அளந்து சொன்னார். நாட்டின் அச்சத்துக்குப் பல்கலைக் கழகம் செய்யத்தக்க பணி என்ன என்னும் நம் வினாவுக்கு முதல் விடை இங்கே கிடைக்கிறது. அந்தப் பணி அச்சத்தை அளப்பதே.

அளந்தவர் கண்டது

அளப்பது என்பது கேட்க எளிது. ஆனால், எல்லாரும் ஒன்றை நம்பிவிட்ட பின்னர் அதை அளந்து பார்ப்பதற்கு மனத்திண்மை வேண்டும். 2010 செப்டம்பர் 7 அன்று, ஜப்பானும் சீனாவும் உரிமை கொண்டாடும் சென்காக்குத் தீவுகளின் அருகே, சீன மீன்பிடி விசைப்படகு ஒன்று ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதியது. படகின் தலைவர் சிறைப்பிடிக்கப்பட்டார். அம்மாத இறுதியில், ஜப்பானுக்கு அனுப்ப வேண்டிய அருமண் தனிமங்களைச் சீனா நிறுத்திவிட்டது என்று செய்தி பரவியது. அருமண் தனிமங்கள் என்பவை பதினேழு உலோகங்களின் தொகுதி. மின்மோட்டாரில் வைக்கும் வலிமைமிக்க காந்தங்களுக்கு அவற்றுள் சில இன்றியமையாதவை. அன்று உலக உற்பத்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் சீனாவுடையது. தடை எதுவும் இல்லை என்று சீன அரசு மறுத்தது. உலகம் அதை நம்பவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து, 2013இல், ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக் கழகத்தின் ஆய்வாளர் இருவர், ஜப்பானியத் துறைமுகங்களில் பதிவான இறக்குமதிக் கணக்குகளைத் துறைமுகம் துறைமுகமாகப் பார்த்தனர். அவ்வாண்டே ஹார்வர்டு பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் ஒருவரும் அக்கணக்குகளை ஆராய்ந்தார். எல்லாத் துறைமுகங்களிலும் ஒருசேர இறக்குமதி வீழ்ந்ததற்கான சான்று அவர்களுக்குக் கிட்டவில்லை. ஏற்றுமதி அளவைக் குறைக்கும் அறிவிப்பைச் சீனா மோதலுக்கு முன்பே, 2010 சூலையிலேயே, வெளியிட்டிருந்தது என்பதும் கவனத்துக்கு வந்தது. மோதலுக்குப் பழிவாங்கக் கதவு அடைக்கப்பட்டது என்று உலகம் கொண்ட உறுதி, கணக்கின்முன் தளர்ந்தது.

அப்படியானால் ஜப்பானியரின் அச்சம் பொய்யா? அதுவும் இல்லை. ஒரே நாட்டை அந்த அளவு நம்பியிருந்தது மெய். அந்த மெய்யை உணர்ந்து ஜப்பான் வேறு வழிகளைத் தேடியது. காந்தங்களில் அருமண்ணின் அளவைக் குறைக்க ஆய்வாளர் முயன்றனர். பழைய கருவிகளிலிருந்து மீட்டெடுத்தனர். பிற நாடுகளிலிருந்து வாங்கினர். ஏறத்தாழ 90 விழுக்காடாக இருந்த சார்பு பின்னர் 60 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பல நாடுகளில் கார்த் தொழிற்சாலைகள் காந்தம் கிடைக்காமல் திணறின. ஆகவே அளவிட்டவர்கள் நமக்குச் சொல்வது 'அஞ்சாதீர்' என்பது அன்று. எந்தச் செய்தியை நம்பி அஞ்சுகிறீர், எந்த மெய்யை அறிந்து அஞ்சுகிறீர் என்று பிரித்துப் பாருங்கள் என்பதே. முன்னது பகைமையை வளர்க்கும். பின்னது ஆயத்தத்தை வளர்க்கும்.

இதே வகையில், 2011 மார்ச்சில் வந்த நிலநடுக்கமும் கடற்பேரலையும் மற்றோர் ஆய்வுக்குக் காரணமாயின. இபராக்கி மாநிலத்தில் சில்லுகள் செய்யும் ஒரு தொழிற்சாலை சிதைந்ததால், வெகு தொலைவில், வேறு நாடுகளில்கூட, கார்த் தொழிற்சாலைகள் தடுமாறின. வாசெடா, ஹியோகோ பல்கலைக் கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பத்து இலட்சத்துக்கும் அளவான நிறுவனங்களுக்கு இடையே உள்ள கொடுக்கல் வாங்கலைக் கணிப்பொறியில் ஏற்றி, நேரடியாக அழிந்ததைவிட ஒன்றிலிருந்து ஒன்றாகப் பரவிய இழப்பே மிகப் பெரிது என்று கண்டனர். சிக்கலான இந்த வலையில், எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொள்பவரைவிடப் பல திசைகளில் உறவு வைத்திருப்பவரே விரைந்து எழுகிறார் என்னும் கருத்தும் இத்தகைய ஆய்வுகளால் வலுப்பெற்றது. அரணைப் பற்றி ஆராயப் போனவர்கள், வாசல்களின் தேவையைக் கண்டு திரும்பினர்.

அளவுகோல் வளையும்போது

இதுவரை அறிவின் நற்பணியைக் கண்டோம். இனி, அச்சம் அறிவைத் தன் வழிக்கு வளைக்கும்போது விளைவது என்ன என்பதையும் காண வேண்டும். யோக்கஹாமா நகரில் ஓகவாரா காகோகி என்னும் ஒரு நடுத்தர நிறுவனம் இருக்கிறது. திரவத்தைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும் இயந்திரங்களைச் செய்வது அதன் தொழில். பால்மாவும் உடனடிக் காபித்தூளும் இவ்வகை இயந்திரங்களில்தான் உருவாகின்றன. உள்ளே மனிதர் நுழையாமல் கிருமிகளைக் கொல்லும் ஆற்றல் இயந்திரத்துக்கு இருந்தால், அதைக் கொண்டு உயிரியல் ஆயுதம் செய்யலாம் என்பதால், அத்தகையவற்றின் ஏற்றுமதிக்கு அரசின் இசைவு தேவை. இந்த நிறுவனம் இசைவின்றி அத்தகைய இயந்திரத்தைச் சீனாவுக்கு அனுப்பியது என்று குற்றம் சாட்டி, 2020 மார்ச்சில் அதன் தலைவர் உள்ளிட்ட மூவரைக் காவல்துறை சிறைப்பிடித்தது.

வழக்கின் மையம் ஒரு சிறு வினாவே: அந்த இயந்திரத்தின் எல்லாப் பகுதிகளும் கிருமி சாகும் அளவுக்குச் சூடாகுமா? எல்லாப் பகுதியும் அவ்வாறு சூடாவதில்லை என்று நிறுவனத்தின் பணியாளர்கள் கூறினர். தாங்களே வெப்பமானி வைத்து அளந்தும் காட்டினர். காவல்துறை கருத்துக் கேட்ட வல்லுநர்கள் சிலர், தாங்கள் சொன்னது அறிக்கையில் வேறுவிதமாக எழுதப்பட்டது என்று பின்னர் தெரிவித்தனர். மூவரும் தம் குற்றமின்மையை வலியுறுத்தியதால், பிணை மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டது. தலைவர் ஏறத்தாழ 11 மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். நிறுவனத்தின் ஆலோசகரான முதியவருக்குக் காவலில் இருக்கும்போதே இரைப்பைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர் 2021 பிப்ரவரியில், குற்றம் சாட்டப்பட்டவராகவே, மருத்துவமனையில் இறந்தார். அவ்வாண்டு சூலையில், விசாரணை தொடங்கும் முன்னரே, அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. புலனாய்வும் வழக்குத் தொடுத்ததும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2023 டிசம்பரிலும், உயர்நீதிமன்றம் 2025 மே மாதத்திலும் தீர்ப்பளித்தன. அதன்பின் காவல்துறையும் அரசு வழக்குரைஞர் அலுவலகமும் மன்னிப்புக் கேட்டன. இறந்தவர் அதைக் கேட்கவில்லை.

பொருளாதாரப் பாதுகாப்பு என்னும் சொல் செல்வாக்குப் பெற்றுவந்த காலத்தில் நடந்தது இது. தீயவர் சிலரின் சூழ்ச்சி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு சொல்லுக்கு மதிப்புக் கூடும்போது, அந்தச் சொல்லின் பெயரால் எதையேனும் சாதித்துக் காட்ட வேண்டும் என்னும் ஆசை அலுவலகங்களில் முளைக்கிறது. வேறு நாடுகளிலும் இதைக் காண்கிறோம். அமெரிக்க நீதித்துறை 2018 நவம்பரில் தொடங்கிய 'சீன முனைப்பு' என்னும் நடவடிக்கையில், மாசசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஒருவர் 2021 சனவரியில் கைது செய்யப்பட்டார். ஓராண்டு கழித்து வழக்குக் கைவிடப்பட்டது. 2022 பிப்ரவரியில் அந்த நடவடிக்கையே முடித்துக்கொள்ளப்பட்டது. சீனத்தில் பிறந்த அறிஞர் பலரிடம் அது விட்டுச்சென்ற கசப்பு அவ்வளவு விரைவில் முடிவதன்று.

ஜப்பானிலும் 2022 மே முதல், நாட்டுக்குள்ளேயே இருந்தாலும் அயல்நாட்டு அரசின் செல்வாக்குக்கு உட்பட்டவராகக் கருதப்படும் ஆய்வாளருக்கோ மாணவருக்கோ சில தொழில்நுட்பங்களைக் கற்பிக்க அரசின் இசைவு வேண்டும் என்று விதி இறுகியது. இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. கற்றதைக் கொடுமைக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆயினும், முன் இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவரை 'இவர் யாருடைய ஆள்?' என்று ஆசிரியர் எண்ணிப் பார்க்கும் நாள் வந்தால், அந்த வகுப்பறையில் ஏதோ ஒன்று உடைந்துவிட்டது என்றே பொருள். கடல் கடந்து படிக்கச் சென்ற பிள்ளைகளை உடைய நம் குடும்பங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

யாருடைய பாதுகாப்பு?

அளப்பதில் இன்னும் ஒரு கடமை உண்டு. 'நம் நாடு பாதுகாப்பாக இருக்கிறதா?' என்று மட்டும் அளந்தால் கணக்கில் பாதிதான் வரும். அந்தப் பாதுகாப்பின் விலையை யார் கொடுக்கிறார் என்பது மறுபாதி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் புக்கிட் மேரா என்னும் ஊரில், ஜப்பானிய நிறுவனம் ஒன்றும் பங்குதாரராய் இருந்த ஓர் அருமண் ஆலை 1980களில் இயங்கியது. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தேவையான தனிமங்களை அது பிரித்தெடுத்தது. கதிரியக்கத் தோரியம் கலந்த கழிவு ஊரில் தங்கியது. தம் பிள்ளைகளுக்கு வந்த நோய்களுக்கு அதுவே காரணம் என்று மக்கள் கூறினர், நிறுவனம் மறுத்தது. 1985இல் மக்கள் நீதிமன்றம் சென்றனர். 1992இல் உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. எனினும், 1994இல் ஆலை மூடப்பட்டது.

2010க்குப் பின் சீனாவுக்கு மாற்று வழி தேடிய ஜப்பான், ஆஸ்திரேலியாவின் லைனஸ் நிறுவனத்துக்கு 2011இல் 25 கோடி டாலர் நிதி வழங்க முன்வந்தது. மண் ஆஸ்திரேலியாவில் தோண்டப்பட்டது. ஆனால், அதைத் துப்புரவாக்கும் ஆலை மீண்டும் மலேசியாவில்தான், பகாங் மாநிலத்தின் கெபெங்கில், அமைந்தது. மக்களின் எதிர்ப்புக்கு நடுவே 2012 இறுதியில் அது இயங்கத் தொடங்கியது. ஜப்பானின் சார்பு குறைந்தது என்று நாம் மேலே வியந்த கணக்கின் மறுபக்கத்தில் இந்த ஊர்களும் உள்ளன.

இந்தக் கணக்கு நம் கடற்கரைக்கும் வருகிறது. 1909இல் செர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் தடம்பற்றி மணவாளக்குறிச்சிக்கு வந்தார். அன்று தோரியம் விளக்கு வலைக்குத் தேவைப்பட்டது. இன்று அதே மோனசைட்டில் இருக்கும் அருமண்கள் தேவைப்படுகின்றன. 2012இல் இந்தியாவும் ஜப்பானும் இது குறித்து உடன்பாடு கண்டன; விசாகப்பட்டினத்தில் உள்ள தொழிற்கூடத்தின் வழியே இந்திய அருமண்கள் ஜப்பானுக்குச் சென்றன. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேர் நிலத்தில் கடற்கரைக் கனிமங்களை எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபரில் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டபோது, மீனவ ஊர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. நாட்டின் பாதுகாப்புக்கு மணல் வேண்டும் என்பது ஒரு மெய். அந்த மணலின்மேல் வலை உலர்த்துவோர் இருக்கின்றனர் என்பதும் மெய். எந்த ஆய்வில் முதல் மெய் மட்டும் இடம்பெறுகிறதோ, அது முழுமையான ஆய்வு ஆகாது.

நாம் எப்போதும் விலை கொடுப்பவராகவே இருக்கிறோம் என்று எண்ணவும் இடமில்லை. 2023 சூலையில் இந்தியா, உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்தப் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2024 செப்டம்பர் இறுதியில்தான் அத்தடை நீங்கியது. இடையில் உலகச் சந்தையில் அரிசி விலை, பதினைந்து ஆண்டுகளில் காணாத உயரத்தைத் தொட்டது. நம் அடுப்புக்கு அது அரண். அரிசியை வாங்கியே உண்ணும் ஏழை நாடுகளின் அடுப்புக்கு அதுவே முற்றுகை. இரண்டையும் ஒரே தாளில் எழுதும் நேர்மை யாருக்கு வேண்டும்? தேர்தலைச் சந்திக்க வேண்டிய அரசிடம் அதை முழுமையாக எதிர்பார்க்க முடியாது. பல்கலைக் கழகத்திடம் எதிர்பார்க்கலாம், எதிர்பார்க்கவும் வேண்டும்.

நம் கடன்

ஆகவே, பல்கலைக் கழகங்கள் பொருளாதாரப் பாதுகாப்பை ஆராயலாமா என்னும் வினாவுக்கு, 'ஆராயலாம். ஆனால், அரசு விரும்பாத விடையையும் வெளியிடும் உரிமையோடு ஆராய வேண்டும்' என்பதே நம் விடை. நிதி கொடுப்பவர் வினாவைத் தரலாம், விடையைத் தரலாகாது. 'ஆபத்து உண்டு' என்று கண்டவருக்கு மாலையும், 'ஆபத்து அவ்வளவு இல்லை' என்று கண்டவருக்கு மௌனமும் கிடைக்குமானால், சில ஆண்டுகளில் முதல் வகையினரே எஞ்சுவர். அப்போது அரசுக்குக் கிடைப்பது ஆய்வு அன்று. தன் குரலின் எதிரொலி. எதிரொலியை நம்பிக் கோட்டை கட்டியவன், இல்லாத பகைவனை நோக்கி மதிலை எழுப்பி, இருக்கும் பகைவனுக்கு வாசலைத் திறந்து வைப்பான். மறைக்க வேண்டியவை சில உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால், மறைப்பது விதிவிலக்காக இருக்கட்டும். ஏன் மறைக்கிறோம் என்று சொல்லும் கடமை மறைப்பவர்மேல் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம் பேராசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இருந்துவிட இயலாது. அச்சத்தை விற்பவருக்கு வாங்குபவர் நாமே. 'அந்த நாடு நம்மை நசுக்கப் பார்க்கிறது' என்னும் தலைப்பை உரக்கப் படிக்கிறோம். அதை அளந்து சொல்லும் நீண்ட கட்டுரையைப் புரட்டிவிடுகிறோம். 'அப்படி இல்லை' என்று சொல்லும் அறிஞரை நாட்டுப் பற்று அற்றவர் என்று சந்தேகிக்கிறோம். நம் பிள்ளைகள் ஆய்வாளராகும்போது, அவர்கள் பெறும் நிதியைக் கேட்டுப் பெருமைப்படுகிறோம். அவர்கள் எதைக் கண்டார்கள், கண்டதைச் சொல்ல முடிந்ததா என்று கேட்பதில்லை. அந்த வினாவை நாம் வீட்டில் கேட்கத் தொடங்கினால், அவர்கள் தம் ஆய்வுக் கூடத்தில் அதற்கு விடை சொல்லும் துணிவைப் பெறுவர்.

யோக்கஹாமாவின் அந்தத் தொழிற்கூடத்தில், பணியாளர்கள் தம் இயந்திரத்தின் ஒரு மூலையில் வெப்பமானியை வைத்து, அது காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டனர். வழக்கு சரிந்ததற்கு அந்த எளிய செயலும் காரணம். ஒரு நாடு எவ்வளவு பெரிய அரணைக் கட்டினாலும், அதற்குள் வாழும் எளியவரைக் காப்பது, எண்ணை உள்ளபடி படித்துச் சொல்லும் ஒருவரின் மனச்சான்றுதான். அத்தகையவரை உருவாக்குவது பல்கலைக் கழகத்தின் கடன். அவர் சொல்லும்போது பொறுமையோடு கேட்பது நம் கடன்.